புரோக்கர் மீது புகார் எழுதத் தயங்காதீர்கள்



"சாரி பாஸ், ஓனர் இந்தியர்களுக்குக் கொடுக்க மாட்டாராம்."

வாடகை வீடு தேடி அலைந்த நம் குடும்பங்களில் இந்த வரியைக் கைப்பேசியில் பார்க்காதவர்கள் மிகக் குறைவு. சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர், முன்பு இருந்த வீட்டில் வாடகை பாக்கி உண்டா, எதையும் கேட்பதில்லை. பெயரைக் கேட்டதும் கதவு சாத்தப்படுகிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த வரியை உங்களுக்கு அனுப்பியவர் யார்? வீட்டுக்காரர் இல்லை. அவர் முகத்தையே நீங்கள் பார்த்ததில்லை. அனுப்பியவர் அரசாங்க வாரியம் கொடுத்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தொழில் செய்யும் ஒரு முகவர், அல்லது அவருக்குக் கீழே வேலை செய்பவர்.

இன்னொரு பக்கம், முன்பணம். என் அலுவலகத்துக்கு வீட்டு விவகாரமாக வரும் நம்மவர்களில் பெரும்பாலோர் முன்பணத்தைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவர்கள்தான். வங்கிக் கடன் கிடைக்கவில்லை, வீடும் இல்லை, கொடுத்த பணமும் திரும்பவில்லை. "யாரைப் போய்க் கேட்பது சார்?" என்பார்கள். யாரைக் கேட்பது என்பதுதான் இந்தத் தலையங்கம்.

நம் நாட்டில் சொத்து முகவர் தொழிலுக்குச் சட்டம் உண்டு. 1981 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட 242 ஆம் சட்டம். அதன் கீழ் ஒரு வாரியம் இயங்குகிறது. மலாயில் அதன் பெயர் கொஞ்சம் நீளம்: லெம்பாகா பெனிலாய், பெந்தக்சிர், எஜென் ஹர்த்தா தானா டான் பெங்குருஸ் ஹர்த்தா. நிதி அமைச்சின் கீழ் வருகிறது. இந்த வாரியத்தில் பதிந்துகொள்ளாத எவரும் கமிஷன் வாங்கிக்கொண்டு வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. மீறினால் 3 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பதிந்துகொண்டவர் தவறு செய்தால் அவரை விசாரித்து எச்சரிக்கவும், அபராதம் விதிக்கவும், பதிவை இடைநிறுத்தவும், அடியோடு ரத்து செய்யவும் வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

முழுத் தகுதி பெற்ற முகவரிடம் நீல அட்டை இருக்கும். நீங்கள் தாமானிலும் புளோக்கிலும் சந்திக்கிறவர்கள் பெரும்பாலும் முகவர்கள் அல்லர். முகவரின் நிறுவனத்தில் வேலை செய்யும் நெகோஷியேட்டர்கள். 2014 ஆம் ஆண்டு முதல் இவர்களுக்கு வாரியம் ஆர்.இ.என். எண் போட்ட சிவப்பு அட்டை கொடுக்கிறது. இரண்டு நாள் வகுப்புக்குப் போய்வந்தால் இந்த அட்டைக்குத் தகுதி வந்துவிடுகிறது. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைக் கையில் வாங்குகிறவருக்கு இரண்டு நாள் பயிற்சி போதுமா என்று கேட்டால், என் பதில் போதாது என்பதுதான். ஆனால் அந்தச் சிவப்பு அட்டைக்கு ஒரு மதிப்பு உண்டு. அட்டை வைத்திருக்கிறவர் ஒரு நிறுவனத்துக்கும் ஒரு முகவருக்கும் கட்டுப்பட்டவர். அவரைப் பிடிக்க ஒரு பிடி இருக்கிறது.

நம்மவர்கள் ஏமாறுவது எப்படி என்று பாருங்கள். கோவில் திருவிழாவில் அறிமுகமானவர், மாமாவுக்குத் தெரிந்தவர், "நம்ம ஆளு" என்று யாரோ சொன்னவர். அவரிடம் அட்டை கேட்பதே அவமரியாதை என்று நினைக்கிறோம். மலிவு விலை வீடு வாங்கித் தருகிறேன், பி.பி.ஆர். வீட்டுக்கு உள்ளே ஆள் இருக்கிறார், 3,000 வெள்ளி கொடுங்கள், வரிசையில் முன்னால் தள்ளிவிடுகிறேன் என்பார். மாதம் 124 வெள்ளி வாடகைக்கு அரசாங்க வீடு கிடைக்கும் என்றால் கஷ்டப்படுகிற குடும்பத்துக்கு ஆசை வராதா? ஆனால் பி.பி.ஆர். வீடு எந்தப் புரோக்கரும் விற்கக்கூடிய சரக்கு இல்லை. அதற்கு அரசாங்கத்திடம் நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். நடுவில் ஒருவர் பணம் கேட்டால் அவர் உங்களைத்தான் விற்கிறார்.

இப்படிப்பட்டவரை வாரியம் தொழிலிலிருந்து நீக்க முடியாது. பதிவே இல்லாதவரின் பதிவை எப்படி ரத்து செய்வது? கள்ளப் புரோக்கர் என்று அவர் மீது நடவடிக்கை எடுக்கலாம், போலீஸ் ஏமாற்றுக் குற்றமாக விசாரிக்கலாம். ஆனால் பின்னால் நிறுவனமும் இல்லை, பொறுப்பேற்க முகவரும் இல்லை. ஆள் தாமான் மாறினால் பணமும் போயிற்று. ஆகவே அட்டையைக் கேளுங்கள். எண்ணை வாரியத்தின் இணையப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் இடைநிலைப்பள்ளிக்குப் போகும் உங்கள் பிள்ளை ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லும்.

அட்டை இருந்துவிட்டால் போதுமா? போதாது என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். பெருமைப்படக்கூடிய கதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளான் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்தார். தொழிற்சாலையில் வேலை, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறார். 2,20,000 வெள்ளிக்கு ஓர் அடுக்குமாடி வீடு பேசி, 2 விழுக்காடு முன்பணமாக 4,400 வெள்ளி கொடுத்திருந்தார். கடன் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று கடிதத்தில் தெளிவாக இருந்தது. கடன் கிடைக்கவில்லை. நெகோஷியேட்டரோ, பணம் ஓனர் கைக்குப் போய்விட்டது என்று மாதக் கணக்கில் இழுத்தார். வங்கிச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். பணம் நிறுவனத்தின் கணக்குக்கே போகவில்லை. அவருடைய சொந்தக் கணக்கில் போட வைத்திருக்கிறார்.

இது சாதாரண தவறு அல்ல. வாடிக்கையாளர் பணத்தை நிறுவனம் தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும், கிளையண்ட் அக்கவுண்ட் என்பார்கள். நெகோஷியேட்டரின் சொந்தக் கணக்குக்கு அது போகவே கூடாது. வாரியத்துக்குப் புகார் எழுதி, நகலை நிறுவனத்துக்கும் அனுப்பினேன். ஒரே வாரத்தில் நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. பணத்தை முழுமையாகக் கொடுத்துவிடுகிறோம், ஆனால் புகாரை மீட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். "எனக்குப் பணம் வந்தா போதும் சார்" என்றார். பள்ளி திறக்கப்போகும் மாதம். நானும் கையெழுத்துப் போடச் சொன்னேன். மீட்டுக்கொள்ளும் கடிதத்தை நானே தயாரித்துக் கொடுத்தேன். பணம் வந்தது. வழக்கு வெற்றி என்று கோப்பை மூடினேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ரவாங்கிலிருந்து ஒரு லோரி ஓட்டுநர் மனைவியோடு வந்தார். 2,50,000 வெள்ளி வீடு, 3 விழுக்காடு முன்பணம், 7,500 வெள்ளி. கணவர் இரவு பகல் என்று ஓட்டிச் சேர்த்த பணம், மனைவியின் தாலிக்கொடியும் அடகுக் கடையில். கடிதத்தைப் புரட்டினேன். அடியில் அதே பெயர், அதே கையெழுத்து. நிறுவனம் மட்டும் வேறு. அதே சொந்தக் கணக்குத் தந்திரம்.

அவர்களிடம் மறைக்கவில்லை. முந்தைய கதையைச் சொன்னேன். கணவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கே அந்தப் புகாரை விடாம நடத்தியிருந்தா எங்களுக்கு இது நடந்திருக்காதா சார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அந்தத் தாயைக் குறை சொல்லவே மாட்டேன். 4,400 வெள்ளி அவருக்குப் பல மாதச் சோறு. தவறு வழக்கறிஞனான என்னுடையது. பணத்தை வாங்கிக்கொள்வதும் புகாரை மீட்டுக்கொள்வதும் ஒன்றோடொன்று கட்டப்பட்ட விஷயம் என்று நான் ஏற்றுக்கொண்டேன். அப்படி ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. அது உங்கள் பணம். கடிதப்படி அவர்கள் கொடுத்தே ஆக வேண்டிய பணம். அதைத் தருவதற்கு நிபந்தனை போட அவர்களுக்கு உரிமை கிடையாது. போலீஸ் புகாரை விட்டுவிடுகிறேன் என்று காசுக்காகச் செய்யும் ஒப்பந்தம் 1950 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லவே செல்லாது. வாரியப் புகாரும் நீங்கள் விற்றுவிடக்கூடிய பொருள் அல்ல என்பதே என் கருத்து. சாட்சி சொல்ல ஆள் இல்லாவிட்டால் எந்த விசாரணையும் நகராது என்பதை அந்த நிறுவனங்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கின்றன. அதனால்தான் பணம் அவ்வளவு வேகமாக வருகிறது.

இதில் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. வாரியத்தின் ஒழுங்கு நடவடிக்கை முகவரைத் தண்டிக்கும் வழி. உங்கள் பணத்தை வசூலித்துத் தரும் வழி வேறு. நிறுவனத்துக்குக் கோரிக்கைக் கடிதம், அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்றம். சிறிய தொகை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கையாக வழக்கறிஞர் இல்லாமலேயே நீங்களே பதியலாம். தீபகற்பத்தில் ஒப்பந்த வழக்குக்கு 6 ஆண்டு அவகாசம். ஆனால் 6 ஆண்டு இருக்கிறதே என்று படுத்துவிடாதீர்கள், கைப்பேசி உடையும், ஆள் மாறுவார், நிறுவனம் மூடிவிடும்.

மோசடி என்று தெரிந்தால் போலீஸ் நிலையம் போங்கள். "இது சிவில் கேஸ்" என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அப்படி இருந்தாலும் நீங்கள் சொல்வதை எழுதிப் பதிவு செய்ய வேண்டியது அவர்கள் கடமை. இணையத்தில் பணம் அனுப்பி ஏமாந்த சில மணி நேரத்துக்குள் என்றால் முதலில் 997 எண்ணை அழையுங்கள். 2022 இல் தொடங்கிய மோசடித் தடுப்பு மையம் அது, பணம் போய்ச் சேருவதற்குள் மறிக்கப் பார்ப்பார்கள்.

இனி புகார் எழுதும் முறை. மலாயில் எழுதலாம், எளிமையாக எழுதினால் போதும். கோபத்தை எல்லாம் கொட்ட வேண்டாம். தேதி, தொகை, எந்தக் கணக்கு, யார் என்ன சொன்னார். நெகோஷியேட்டரின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிற்காதீர்கள். அவருடைய நிறுவனத்தையும், அந்த நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள முகவரையும் சேர்த்து எழுதுங்கள். சின்னப் பையனைப் பலி கொடுத்துவிட்டு முதலாளி தப்பிப்பது எல்லாத் தொழிலிலும் நடப்பதுதான். கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தைச் சத்தியப் பிரமாணமாக ஆணையர் முன் செய்து இணைத்தால் புகாருக்குக் கனம் கூடும்.

எதற்கெல்லாம் புகார் எழுதலாம்? முன்பணம் மட்டும் இல்லை. வீடு விற்கும் முகவர் கேட்கக்கூடிய கமிஷனுக்கு 3 விழுக்காடுதான் உச்சவரம்பு. 3 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 9,000 வெள்ளிக்கு மேல் கேட்க முடியாது, வரி தனி. அதையும் அவரை அமர்த்தியவர்தான் கொடுக்க வேண்டும், வீடு விற்பனையில் அது வழக்கமாக விற்பவர். வாங்குகிற உங்களிடமும் "சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு தொகையைக் கறக்கப் பார்த்தால் ரசீது கேளுங்கள், முகம் மாறும். ஒப்பந்தத்தில் விலையைக் கூட்டிப் போட்டு வங்கியில் முழுக் கடன் வாங்கித் தருகிறேன், சம்பளச் சீட்டையும் "சரி பண்ணி"த் தருகிறேன் என்றால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். நாளை வங்கி கண்டுபிடித்தால் கையெழுத்துப் போட்டவர் நீங்கள், அவர் அல்ல. தோட்டத்திலிருந்து வெளியேறிக் கஷ்டப்பட்டு வாங்கிய வீட்டை வயதான காலத்தில் விற்கும் நம் பெரியவர்களிடம், சந்தை விலையை மறைத்துத் தன் உறவினர் பெயரில் அமுக்கிக்கொள்ளும் முகவர்களும் இருக்கிறார்கள். இவையெல்லாம் தொழில் ஒழுக்கக்கேடு.

இப்போது தொடக்கத்தில் சொன்ன வரிக்கு வருகிறேன். "இந்தியர்களுக்குக் கொடுக்க மாட்டாராம்." இது ஒழுக்கக்கேடு இல்லையா?

சட்டம் படித்தவர்கள் உடனே ஒரு பதில் சொல்வார்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் 8 ஆவது விதி இனப் பாகுபாட்டைத் தடுக்கிறது, ஆனால் அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல என்று. 2005 இல் ஒரு விமானப் பணிப்பெண் தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆக, வீட்டுக்காரர் தனி மனிதர், அவர் வீடு அவர் இஷ்டம். சரி, வாதத்துக்கு ஒப்புக்கொள்வோம்.

முகவரும் அப்படியா? அவர் தொழில் செய்வதே ஒரு சட்டத்தின் அனுமதியால். அந்த அனுமதியைக் கொடுப்பதும் பறிப்பதும் சட்டத்தால் அமைந்த ஒரு வாரியம். 8 ஆவது விதியின் இரண்டாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். தொழில் நடத்துவது தொடர்பான எந்தச் சட்டத்தை நிர்வகிக்கும்போதும் குடிமக்களிடையே இனத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்கிறது. வாரியம் செய்வது அந்த நிர்வாகம்தான். அப்படியென்றால், தான் அட்டை கொடுத்தவர்கள் "இந்தியர் வேண்டாம்" என்று பகிரங்கமாக விளம்பரம் போடும்போது அது எங்கள் வேலை இல்லை என்று வாரியம் கைகழுவ முடியாது. இது என் வாதம். இதை நீதிமன்றத்தில் சொல்லவும் தயார். ஆனால் அங்கே போக வேண்டிய அவசியமில்லாமல், வாரியமே ஒரு சுற்றறிக்கையில் முடிக்கக்கூடிய காரியம் இது.

வாடகைக் குடியிருப்புக்குத் தனிச் சட்டம் வரும் என்று 2018-2025 தேசிய வீடமைப்புக் கொள்கையிலேயே எழுதி வைத்தார்கள். எழுதி வைத்ததை நம்பிப் பெட்டி படுக்கையோடு காத்திருக்க முடியுமா? சட்டம் வரும்போது வரட்டும். ஒழுங்கு விதிகளைக் கையில் வைத்திருக்கும் வாரியம் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். சிங்கப்பூரில் 2010 இல்தான் முகவர்களுக்கென்று தனி மன்றம் அமைத்தார்கள், நமக்குப் பல ஆண்டுகள் பின்னால். ஆனால் அங்கே வீடு விற்பனையில் முகவர் உங்கள் பணத்தைத் தொடவே கூடாது. வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் ஒரே முகவர் வேலை செய்யவும் கூடாது. ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவரின் பெயருக்கு எதிரிலேயே அது பொதுப் பதிவேட்டில் தெரியும். இனத்தைக் குறித்து விளம்பரம் போடாதீர்கள் என்று முகவர்களுக்கு அறிவுறுத்தியும் இருக்கிறார்கள். அங்கே நம்மவர்களுக்கு வாடகை வீடு சுலபமாகக் கிடைத்துவிடுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் கதவு சாத்துகிறார்கள். ஆனால் முன்பணத்தைச் சொந்தக் கணக்கில் போட வைக்கும் ஆளுக்கு அங்கே முதல் நாளிலேயே தொழில் ஆட்டம் காணும்.

இங்கேயும் அந்தப் பதிவேடு அப்படி இருந்திருந்தால், ரவாங் குடும்பம் சிவப்பு அட்டை எண்ணைத் தட்டிய உடனே பழைய கதை கண்ணில் பட்டிருக்கும். நான் புகாரை மீட்காமல் இருந்திருந்தால் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

லோரி ஓட்டுநரின் புகார் வாரியத்துக்குப் போய்விட்டது. பணத்துக்குத் தனிக் கோரிக்கைக் கடிதமும் போயிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டும் பேச்சு வந்தால், இந்த முறை என் பதில் வேறு.

உங்களிடம் இப்படி ஒரு விவகாரம் இருந்தால், பழையதானாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் நம் இயக்கத்தின் சட்ட உதவி முகாமுக்கு வாருங்கள். "இந்தியர் வேண்டாம்" என்று வந்த செய்திகளையும் அழித்துவிடாமல் படம் பிடித்து வைத்துக் கொண்டுவாருங்கள், தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரிகிற மாதிரி. எவ்வளவு சேர்கிறதோ அத்தனையையும் ஒரே மனுவாக வாரியத்தின் முன் வைக்கப்போகிறோம். ஐ.சி. நகல், முன்பணக் கடிதம், வங்கிச் சீட்டு, அட்டையின் படம் இருந்தால் அதுவும் வேண்டும். கைப்பேசிக்கு சார்ஜரை மறக்க வேண்டாம், வாட்சாப் உரையாடலை அங்கேயே அச்செடுத்துக்கொள்ளலாம்.